நர்ஸ் படிப்பும் நான் அனுப்பிய நோட்டீசும்

போன மாதம் கணியம்பாடி பஸ் ஸ்டாப்பில் வேலூர் வண்டிக்காக நின்றிருந்தேன். ஒரு பெரியவர் வந்து, "பேங்க் சார்தானே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அமிர்திக்கு மேலே மலையில் ஒரு சிற்றூர், சாமை போடுகிறவர். 2010-இல் அவர் மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் படிக்க மூன்று லட்சம் கல்விக்கடன் போட்டுக் கொடுத்தவன் நான். 2016-இல் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவனும் நானே.

"பாப்பா குவைத்துல இருக்குது சார். கடன் எல்லாம் தீந்துபோச்சு" என்றார். பிறகு மெதுவாக, "எங்க ஊர்ல ஊசி போட ஆளில்ல. எம்பொண்ணு அங்க அரபுக்காரருக்கு ஊசி போடுது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் வேலூர்க்காரர்களுக்கு நர்ஸ் படிப்பு புதிதல்ல. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1909-இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்தது. நல்ல குடும்பத்துப் பெண் நர்ஸ் வேலைக்குப் போவதா என்று முகம் சுளித்த காலம் அது. 1946-இல் இங்கேயே நர்சிங் பட்டப்படிப்பும் தொடங்கியது. நாட்டிலேயே முதன்முதலில் அந்தப் பட்டப்படிப்பு வந்த இடங்களில் நம் வேலூரும் ஒன்று.

சி.எம்.சி.யில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. திருச்சபைகளும் மிஷன் ஆஸ்பத்திரிகளும் பிள்ளைகளைப் பரிந்துரைத்துப் படிக்க அனுப்பும். கட்டணம் குறைவு. படித்து முடித்ததும் ஆள் தேவைப்படும் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டும். படிப்புக்கான கடனைப் பணமாக அல்ல, உழைப்பாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பாகாயத்திலிருந்து நம் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களுக்கு நர்சுகள் வந்து போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்.

பிறகு தனியார் நர்சிங் கல்லூரிகள் பெருகின. 2001-இல் வங்கிகளுக்கான கல்விக்கடன் திட்டம் வந்தது. நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். 2009-10 முதல், ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டியது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அசல் அப்படியே நிற்கும். சலுகைக் காலம் முடிந்ததும் வட்டியும் ஓடத் தொடங்கும்.

அந்தப் பெண் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சம்பளம் ஏழாயிரம். மாதத் தவணையோ ஆறாயிரத்துச் சொச்சம். விடுதி வாடகைக்கு என்ன செய்வாள்? அரசு வேலைக்குப் போயிருந்தாலும் பெரிய மாற்றமில்லை. 2015-இல் தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்த நர்சுகளுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கும்.

அமெரிக்காவிலும் நர்ஸ் பஞ்சம் உண்டு. அங்கே அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஆள் பற்றாக்குறையுள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை செய்தால் படிப்புக் கடனில் 60 சதவீதத்தை அரசு அடைக்கும். மூன்றாம் வருஷமும் இருந்தால் இன்னும் 25 சதவீதம். மூன்று லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று வருஷத்தில் 2,55,000 தீர்ந்துவிடும்.

தேர்தல் வந்தால் கல்விக்கடன் தள்ளுபடி என்று நம் ஊரிலும் பேசுவார்கள். வங்கிக்காரனாக எனக்கு அதில் என்றுமே தயக்கம்தான். ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளியாகிவிடுவான். ஆனால் உழைப்புக்கு ஈடாகக் கழிப்பது தள்ளுபடி ஆகாது, அது கூலி. வங்கிக்குப் பணம் வந்துவிடும், மலைக்கு நர்ஸ் கிடைப்பாள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கடனைக் கழிக்கிறோம் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தால் அது கொத்தடிமைத்தனம். அந்த மூன்று வருஷமும் முழுச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும்.

அன்றைக்கு என் மேஜையில் நோட்டீஸ் படிவம் ஒன்றுதான் இருந்தது. "ஜமுனாமரத்தூர் பக்கம் மூணு வருஷம் வேலை பாரும்மா, கடன் கழிஞ்சிடும்" என்று சொல்ல ஒரு படிவமும் இருந்திருந்தால், அதைத்தான் எடுத்திருப்பேன்.

பஸ் வந்தது. பெரியவர் என்னை முதலில் ஏறச் சொன்னார்.