ராணுவக் கூடாரத்தைத் தின்ற பூஞ்சையும் நம்ம ஊர் பனியனும்



போன வாரம் சித்தப்பா வேலை பார்க்கும் பயோ வாஷ் யூனிட்டுக்குப் போயிருந்தேன். பனியன் துணி மேல் நிற்கும் பிசிறை ஒரு என்சைம் தின்று துணியை வழவழப்பாக்கி விடுகிறது. பெயர் செல்லுலேஸ்.

"இது எங்கிருந்து வருது சித்தப்பா?"

"டிரம்முல வருது கண்ணு!"

தேடிப் பார்த்தால் ஒரு போர்க்கதையே கிடைத்தது...

இரண்டாம் உலகப் போர் சமயம், தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் உடுப்புகளும் சீக்கிரமே மக்கிப் போயின. காரணம் தேடியவர்கள் பூஞ்சைகளைச் சேகரித்தார்கள். சாலமன் தீவுகளில் கிடைத்த ஒன்றுக்கு கியூஎம்6ஏ என்று அடையாளம் வைத்தார்கள். எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும் அதை ஆராய்ந்தார்கள். 1977-ல் ரீஸைக் கௌரவித்து அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வந்தது.

முதலில் நோக்கம் துணியைக் காப்பாற்றுவது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கேள்வியே மாறியது. பருத்தியைச் சர்க்கரையாக்கும் பூஞ்சை வைக்கோலையும் ஆக்காதா? அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் எத்தனால் ஆக்காதா?

ஆக்கும். ஆனால் பொதுவாக ஒரே நுண்ணுயிரை மட்டும் நம்புவதில்லை. கடைசிப் படியில் இந்தப் பூஞ்சை கொஞ்சம் வீக்! அங்கே ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் என்சைம் கைகொடுக்கிறது, பிறகு ஈஸ்ட். நிட்டிங், டையிங், கட்டிங், பவர் டேபிள் என்று கைமாறும் நம்ம ஊர் ஜாப் ஒர்க் மாதிரியேதான். சாண எரிவாயுக் கலனிலும் ஒரு கூட்டம் அமிலமாக்க, இன்னொரு கூட்டம் மீத்தேன் ஆக்குகிறது.

2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோல், சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம்.

அப்புறம் ஏன் என் தாத்தா பருத்திமாரைக் காட்டிலேயே கொளுத்துகிறார்? காமர்ஸ் மாணவனாக எனக்குத் தெரிந்த பதில்: காஸ்டிங். கழிவு எடை குறைவு, இடத்தை அடைக்கும், வண்டி வாடகை கட்டாது. என்சைமும் சும்மா வராது. கொளுத்த ஒரு தீக்குச்சி போதும்.

ஆனால் கழிவைக் கணக்கில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே! நொய்யலில் சாயக்கழிவு ஓடியது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சித்தப்பா மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தது சின்னப் பையனான எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கூடாரத்தைத் தின்ற எதிரியையே வேலைக்காரனாக்க 30 வருஷம் ஆனது. பருத்திமாருக்கு விலை வர எத்தனை வருஷமோ? அதுவரை அந்தப் புகையையும் செலவுப் பக்கத்தில் எழுதுவோம் நண்பர்களே!