போட் மெயிலும் கடவுச்சீட்டும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்துக்குக் காத்து நின்ற வேளையில் குர்திஸ்தான் நினைவுக்கு வந்தது என்றால் வாசகர்கள் நகைக்கலாம். காவிரியின் அக்கரைக்குப் போக நமக்கு ஒரு சீட்டுப் போதும். டைகிரிஸ் கரையில் வாழும் குர்தியருக்கோ சில இடங்களில் அக்கரை வேறு நாடு. பைத்துல் முகத்தஸை 1187-இல் மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் இனத்தார் அவர்கள். 1920-இல் ஸெவ்ர் உடன்படிக்கை அவர்களுக்குத் தன்னாட்சி காட்டிற்று. 1923-இல் லோசான் உடன்படிக்கை அதுபற்றி வாய் திறக்கவில்லை. துருக்கி, ஈரான், இராக், சிரியா என அவர்தம் தாயகம் நான்காயிற்று.

இது நமக்குப் புதிய கதையன்று. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமையகம் இந்தத் திருச்சியில்தான் இருந்தது. திரட்டப்பட்டோர் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்குத் தங்கவைக்கப்பட்டுக் கப்பலேறினர். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் கடந்து, மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். கீழக்கரை, காயல்பட்டின வணிகக் குடும்பங்களுக்குக் கொழும்பு அயலூர், அயல்நாடன்று.

1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பலரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டு, 1974-இல் பாதிப்பாதியாகப் பிரித்தனர். பங்கிடப்பட்டவர்களுக்குப் பேச்சு மேசையில் இடமிருக்கவில்லை. ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் நிறையுமுன் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரம் கப்பலில் வந்தோரை, பாட்டனை அனுப்பிய அதே மண்டபம் முகாம் வரவேற்றது. 'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களுக்குப் பெயர். அங்கேயே பிறந்தவர் இங்கே எப்படித் திரும்புவார் என்று நாம் கேட்டதில்லை.

1983 கலவரத்துக்குப் பின் அகதிகள் வந்தனர், கப்பலும் நின்றது. சத்திரத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள கொட்டப்பட்டு முகாமில் அவர்தம் பிள்ளைகள் வளர்ந்தனர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். அதைக் காட்டி அம்முகாமைச் சேர்ந்த ஒரு பெண்மணி உயர் நீதிமன்றம் சென்றார். 2022-இல் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி தீர்ப்பாயிற்று. 2024 மக்களவைத் தேர்தலில், தம் வாழ்வில் முதன்முறையாக அவர் வாக்களித்தார்.