உயிர் காலேஜ் யானைகள் - ஒரு சின்ன வரலாறு

இந்த முறை அக்கவுண்ட்ஸ், ஆடிட்டிங் எல்லாவற்றுக்கும் லீவு. கொஞ்சம் வரலாறு பேசலாம். அதுவும் நம்ம ஏரியா வரலாறு.

படப்பை வழியாகப் போகும் வாலாஜாபாத் ரோட்டின் ஒரு முனை வண்டலூர். அங்கே இருக்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அது பிறந்த இடம் வண்டலூர் இல்லை. 1855-ல் எழும்பூர் மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர்தான் மியூசிய வளாகத்தில் இதைத் தொடங்கினார். சில வருடங்களில் அது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. பழைய சென்னைக்காரர்கள் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்கள்! நகரத்தில் இடம் போதாமல் 1985-ல் வண்டலூரில் சுமார் 510 ஹெக்டேரில் புதிய பூங்கா திறக்கப்பட்டது. கம்பிக் கூண்டு போய், அகழியும் திறந்த வெளியும் வந்தன.

புலிக்கும் மானுக்கும் இது பெரிய முன்னேற்றம். யானைக்கு?

இங்கேதான் சிக்கல். காட்டு யானை ஒரு நாளில் பாதிக்கு மேல் தீனி தேடி நடந்துகொண்டே இருக்கும். பெண் யானைகள் அம்மா, பாட்டி, அக்கா, தங்கை என்று கூட்டமாகத்தான் வாழும். நடையையும் கூட்டத்தையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நின்ற இடத்திலேயே தலையையும் உடம்பையும் ஆட்டிக்கொண்டே இருக்கும். நாம் அதை 'யானை டான்ஸ் ஆடுது' என்று குழந்தைக்குக் காட்டுகிறோம். உண்மையில் அது மன அழுத்தத்தின் அடையாளம். சிமெண்ட் தரையில் நின்று நின்று கால் புண்ணும் வரும்.

யானையைப் பரிசாக அனுப்பிய காலமும் உண்டு. 1949-ல் நேரு, டோக்கியோ உயெனோ பூங்காவுக்கு 'இந்திரா' என்ற யானையை அனுப்பினார். போர்க்காலத்தில், 1943-ல், அங்கிருந்த யானைகள் பட்டினி போட்டே கொல்லப்பட்டிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. 1985-ல் இலங்கை பாகிஸ்தானுக்குக் கொடுத்த குட்டி 'காவன்'. 2012-ல் ஜோடி யானை இறந்தபின் இஸ்லாமாபாத்தில் அது தனியாகவே நின்றது. 2020-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் விமானத்தில் கம்போடியா போய்ச் சேர்ந்தது. நாடுகளின் நட்புக்கு யானை தன் வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறது!

2008-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் சராசரி ஆயுள் சுமார் 19 வருடம். மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளுக்கோ சுமார் 42 வருடம். உழைக்கிற யானையை விட, சும்மா நின்று வேளாவேளைக்குச் சாப்பிடும் யானை சீக்கிரம் சாகிறது!

அடுத்த வருடமே, 2009 நவம்பரில், நம் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் யானைகளைப் பூங்காக்களிலிருந்தும் சர்க்கஸ்களிலிருந்தும் வனத்துறை முகாம்களுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு போட்டது. ஆனால் அதற்குப் பிறகும் மைசூர் உட்படப் பல பூங்காக்களில் யானைகள் இருந்தன. காரணம் புரியாமல் இல்லை. யானை இல்லாத மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டம் வருமா என்ற பயம் ஒன்று. தாயைப் பிரிந்து தவிக்கும் குட்டிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி இன்னொன்று. முதல் காரணம் வியாபாரம், இரண்டாவது நியாயம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது என்பது என் கருத்து.

அநாதைக் குட்டிக்கு அடைக்கலம் வேண்டும்தான். ஆனால் அந்த அடைக்கலம் முதுமலை தெப்பக்காடு மாதிரி, காடும் ஆறும் மற்ற யானைகளும் இருக்கிற முகாமாக இருப்பது நல்லது. டிக்கெட் வருமானம் கணக்குப் புத்தகத்தில் வரவாகத்தான் தெரியும். யானை இழந்த வருடங்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அடுத்த முறை தலையாட்டும் யானையைக் கண்டால் கைதட்டாதீர்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தையிடம் அது ஏன் ஆடுகிறது என்று சொல்லுங்கள். அது போதும்.