ஊசி ஊரிலிருந்து வந்த ஸ்பிரிங்

சோழபுரத்தில் பழைய புல்லட்டை விடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் என்னிடம் படித்த ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், கிக்கரை மிதிச்சா வழுக்கிட்டுப் போகுது. கிளட்ச் செட்டையே மாத்தணும்ங்கிறாங்க. நெசமா?" அவருக்குச் சொன்ன பதிலோடு கொஞ்சம் வரலாறும் சேர்த்து எழுதுகிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குத் தெற்கே ரெட்டிச் என்று ஓர் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் போன தையல் ஊசிகளில் பெரும்பகுதி அங்கே செய்தவைதான். கூடவே தூண்டில் முள்ளும். நமக்குச் சிவகாசி என்றால் தீப்பெட்டி மாதிரி, அவர்களுக்கு ரெட்டிச் என்றால் ஊசி. ஊசி செய்யத் தெரிந்தவனுக்கு ஸ்பிரிங் அதிக தூரமில்லை. எஃகுக் கம்பியை இழுப்பது, பழுக்கக் காய்ச்சித் தோய்ப்பது, மறுபடி அளவான சூட்டில் பதம் பார்ப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. ஹெர்பர்ட் டெர்ரி என்ற பெயர்பெற்ற ஸ்பிரிங் நிறுவனமும் அதே ஊர்தான். மேஜை மேல் மடங்கி நிமிரும் ஆங்கிள்பாய்ஸ் விளக்கு 1930-களில் அவர்களிடமிருந்து வந்தது.

அந்த ஊரில் ஜார்ஜ் டவுன்சென்ட் 1851-இல் தொடங்கிய ஊசித் தொழிலிலிருந்து கிளைத்ததுதான் ராயல் என்ஃபீல்டு. ஊசியிலிருந்து சைக்கிள், சைக்கிளிலிருந்து 1901-இல் மோட்டார் சைக்கிள். நம் ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் கோர்த்தார்கள். 1957-இல் அச்சுகளும் கருவிகளும் விற்கப்பட்டு இங்கே வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. பத்தே ஆண்டில், 1977-இல், நம் புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. பாடப்புத்தகத்தில் இடம் பெற வேண்டிய செய்தி என்பது என் கருத்து.

இனி கிளட்ச். பழைய 350-இல் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பவை மூன்றே ஸ்பிரிங்குகள். லீவரைப் பிடித்தால் அந்த அழுத்தம் விலகுகிறது, விட்டால் திரும்ப வருகிறது. இன்ஜினின் இழுவை முழுவதும் அந்த அழுத்தத்தால் வரும் உராய்வின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஹூக் விதி நடத்தும்போது இதைத்தான் சொல்வேன். உதாரணத்துக்கு, 40 மி.மீ. ஸ்பிரிங் 30 மி.மீ. இடத்தில் உட்கார்ந்திருந்தால் 10 மி.மீ. அமுங்கியிருக்கிறது. சூட்டில் பதம் இழந்து அதன் நீளம் 38 ஆகிவிட்டால் அமுக்கம் 8 தான். இரண்டு மி.மீ. தானே என்போம், அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அழுத்தம் குறைந்தால் பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும்.

கிக்கர் வழுக்குவதற்கும் காரணம் இதுதான். புல்லட்டில் கிக்கர் இருப்பது கியர்பாக்ஸில். மிதிக்கிற விசை கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போக வேண்டும். இன்னொரு அறிகுறி ஏற்றத்தில் தெரியும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறும்போது, டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் கூடும், வேகம் கூடாது. கருகிய வாடையும் வரலாம்.

உடனே கழற்றிவிடாதீர்கள். முதலில் கேபிளைப் பாருங்கள். லீவரில் கொஞ்சமாவது தளர்வு இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் அரைப்பிடியில்தான் இருக்கும். புது ஸ்பிரிங் போட்டும் பயனில்லை. அடுத்து எண்ணெய். கார் இன்ஜினுக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அதை இந்தப் பெட்டியில் ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கும்.

இரண்டும் சரியென்றால் இடப்பக்க மூடியைத் திறக்கலாம். ஃபுட்ரெஸ்ட், பிரேக் மிதியைக் கழற்றி, நடுவில் உள்ள ஒற்றை நட்டை எடுத்தால் மூடி வந்துவிடும். கீழே தட்டு வையுங்கள், எண்ணெய் கொட்டும். மூன்று ஸ்குரூவையும் ஒன்று மாற்றி ஒன்றாகத் தளர்த்துங்கள். ஸ்பிரிங்குகளைக் கண்ணாடி மேல் புதிய ஸ்பிரிங்கோடு வரிசையாக நிறுத்தினால் கண்ணுக்கே தெரியும். வெர்னியர் இருந்தால் இன்னும் நல்லது. பிளேட்டையும் எடுத்துப் பாருங்கள். உராய்வுப் பரப்பு தேய்ந்தோ கருகியோ இருந்தால், செட்டை மாற்றச் சொன்னவர் சொன்னது சரிதான். பிளேட் நன்றாக இருந்தால் மூன்று ஸ்பிரிங் மட்டும் போதும்.

ஒன்று மட்டும் குட்டையாக இருந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிளேட் கோணலாகத் தூக்கும், கியர் மாற்றும்போது கரகரக்கும். பட்டறைகளில் பழைய பழக்கம் ஒன்று உண்டு: ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்குவது. உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் அது கைவண்ணம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாஷர் கனமானால், லீவரைப் பிடிக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், கிளட்ச் முழுதாக விலகாது. பதம் போன எஃகுக்கு வாஷர் பதம் தராது. இப்போது புது ஸ்பிரிங் கடையில் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள்.