சிப்பி, மட்டி இறக்குமதி விதிகள் (அமெரிக்கா)

உயிருள்ள அல்லது பச்சையான சிப்பி, மட்டி வகைகளை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவதற்கான சுகாதாரக் கட்டுப்பாடுகள். 1924-25இல் சிப்பி வழியாகப் பரவிய டைபாய்டு காய்ச்சலே இவற்றுக்கு வித்திட்டது. இவ்வுயிர்கள் கடல்நீரை வடிகட்டி உண்பதால் அதிலுள்ள கிருமியும் பாசி நஞ்சும் சதையில் தங்கிவிடும். நஞ்சு சமைத்தாலும் போகாது. ஆகவே சோதனை, சரக்குக்கு முன்பே அது வளரும் நீரில் தொடங்குகிறது. கனடா, தென் கொரியா, மெக்சிகோ, நியூசிலாந்து போன்ற சில நாடுகளின் சான்றுபெற்ற ஏற்றுமதியாளர்களுக்கே அனுமதி உண்டு. ஒவ்வொரு மூட்டையிலும் பிடித்த இடமும் நாளும் எழுதிய அட்டை தொங்க வேண்டும். மூட்டை தீர்ந்த பிறகும் உணவகம் அந்த அட்டையை 90 நாள் பாதுகாக்க வேண்டும். இது வீண் கெடுபிடி அல்ல: சிப்பி வழியே பரவக்கூடிய ஹெபடைடிஸ்-ஏ நோய் வெளிப்பட 50 நாள்வரை ஆகலாம்; அப்போது சிப்பி வந்த இடத்தைக் கண்டறிய அட்டை வேண்டும். உறையவைத்த பச்சைச் சிப்பிக்கும் இதே விதிகள்தாம். முழுதும் சமைத்தவை இவற்றில் அடங்கா.