கோட்டோர்

கோட்டோர், தென்கிழக்கு ஐரோப்பாவில் மாண்டினீக்ரோ நாட்டின் பழமையான துறைமுக நகரங்களுள் ஒன்று. ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து நிலத்துக்குள் வளைந்து புகும் கோட்டோர் வளைகுடாவின் தென்கிழக்குக் கோடியில், லோவ்ச்சென் மலையடிவாரத்தில் அமைந்துள்ளது. நீர்விளிம்புக்கும் செங்குத்தான பாறைச்சரிவுக்கும் நடுவே கிடைத்த ஒடுங்கிய முக்கோண நிலத்தில் மதில் சூழ்ந்த பழைய நகரம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சிப் பகுதி முழுவதிலும் சுமார் 22,600 பேர் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இன்று மதிலுக்கு வெளியே டோப்ரோட்டா, ஷ்கல்யாரி போன்ற கரையோரக் குடியிருப்புகளில் வசிக்கின்றனர். கோட்டோர் வட்டாரம் 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் மதில்கள், வெனிஸ் குடியரசு எழுப்பிய அரண்களின் தொகுதியில் ஒன்றாக 2017இல் தனி அறிந்தேற்பும் பெற்றன.

இத்தாலிய மொழியில் இந்நகரம் கட்டாரோ எனப்படுகிறது. பழைய ஐரோப்பிய நிலப்படங்களிலும் போர் ஆவணங்களிலும் இப்பெயரே மிகுதியாகக் காணப்படும்.

நில அமைப்பு

கோட்டோர் வளைகுடா ஒன்றோடொன்று இணைந்த நான்கு நீர்ப்பரப்புகளால் ஆனது. திறந்த கடலிலிருந்து நுழையும் கப்பல் முதலில் ஹெர்ட்செக் நோவி விரிகுடாவையும், அடுத்து டிவாட் விரிகுடாவையும் கடக்கும். பிறகு சுமார் 340 மீட்டர் மட்டுமே அகலமுள்ள வெரிகெ நீரிணை வழியாக உள்வளைகுடாவை அடையும். அங்கே வடமேற்கில் ரிசானும் தென்கிழக்கில் கோட்டோரும் உள்ளன. வளைகுடாவின் மொத்தக் கரைநீளம் ஏறத்தாழ 107 கி.மீ.

சுற்றுலா விளம்பரங்கள் இதை ‘தென் ஐரோப்பாவின் ஃபியோர்டு’ என்று அழைக்கின்றன. நிலவியலின்படி அது சரியன்று. நார்வேயின் ஃபியோர்டுகள் பனியாறுகள் குடைந்தவை. இதுவோ ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்று கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கியதால் உண்டானது. வளைகுடாவைச் சுற்றியுள்ள மலைகள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. வடமேற்கே ஓர்யென் 1,894 மீட்டரும், நகருக்குப் பின்னாலுள்ள லோவ்ச்சென் 1,749 மீட்டரும் உயர்ந்தவை.

சுண்ணாம்புக்கல் மழைநீரை மேலே தேங்க விடாது. நீர் விரிசல்கள் வழியாக உள்ளிறங்கி, மலையடியில் ஊற்றாகப் பீறிடும். பழைய நகரின் வடக்கு எல்லையான ஷ்குர்டா ஆறும் தெற்கு எல்லையான குர்டிச் ஊற்றும் அப்படிப் பிறந்தவை. வெட்டாமலே கிடைத்த அகழிகளாக இவை நகரைக் காத்தன. கோடையில் ஊற்றின் வேகம் தளர்ந்தால் கடல்நீர் பாறைப் பிளவுகளில் உட்புகும். நகரின் குடிநீர் கோடையில் உப்புக் கரித்ததற்கு இதுவே காரணம்.

வானிலை

கோட்டோரின் கோடை வெப்பமும் வறட்சியும் மிக்கது. மழை பெரும்பாலும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் பெய்கிறது. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று கடற்கரையிலேயே உயர்ந்து நிற்கும் மலைகளில் மோதி மேலெழுவதால் இப்பகுதியில் மழை மிகுதி. ஓர்யென் மலையிலுள்ள செர்க்விட்செ என்னும் சிற்றூர் ஆண்டுக்குச் சராசரியாக 4,500 மி.மீ.க்கு மேல் மழை பெறுகிறது. ஐரோப்பாவிலேயே மிக அதிக மழை பெறும் ஊராக அது கருதப்படுகிறது. குளிர்காலத்தில் மலையிலிருந்து கடலை நோக்கி வீசும் குளிர்ந்த வடகிழக்குக் காற்றை உள்ளூரார் ‘பூரா’ என்றும், மழையைக் கொண்டுவரும் தென்காற்றை ‘யூகோ’ என்றும் சொல்கின்றனர். நகரின் கிழக்கே மலை நிற்பதால் பழைய நகரத் தெருக்களில் வெயில் தாமதமாகவே விழும்.

வரலாறு

ரோமானியர் காலத்திலேயே இங்கு குடியிருப்பு இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் இவ்விடம் அரண் செய்யப்பட்டது. 1185 முதல் 1371 வரை செர்பிய நெமாஞிச் அரசர்களின் ஆட்சியில், பால்கன் உள்நாட்டுச் சுரங்கங்களின் வெள்ளியும் பிற சரக்குகளும் இத்துறைமுகம் வழியே கடல் கடந்தன. அவ்வரச மரபு முடிந்தபின் ஹங்கேரி, பொஸ்னியா ஆகியவற்றின் மேலாண்மையை ஏற்றும் சிறிது காலம் தன்னாட்சி பெற்றும் இருந்த நகரம், 1420இல் வெனிஸ் குடியரசின் பாதுகாப்பை ஏற்றது. வெனிஸ் ஆட்சி 1797 வரை நீடித்தது.

அக்காலத்தில் உதுமானியப் பேரரசு வளைகுடாவின் வாயிலிலுள்ள ஹெர்ட்செக் நோவியையும் உள்ளேயிருந்த ரிசானையும் நெடுங்காலம் தன் பிடியில் வைத்திருந்தது. இருப்பினும் கோட்டோர் விழவில்லை. 1539இல் கடற்படைத் தளபதி ஹைரெடின் பார்பரோசாவின் முற்றுகையையும் 1657இல் மற்றொரு முற்றுகையையும் நகரம் தாக்குப்பிடித்தது.

வெனிஸ் வீழ்ந்தபின் ஆஸ்திரியா, ரஷ்யா, பிரான்ஸ் ஆகியவை அடுத்தடுத்து நகரைக் கைக்கொண்டன. 1814 முதல் 1918 வரை அது ஆஸ்திரியப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கியது. 1918 பிப்ரவரி 1 அன்று, சாங்க்ட் ஜார்ஜ் என்ற போர்க்கப்பலில் தொடங்கிய மாலுமிகளின் கலகம் வளைகுடாவில் நின்ற சுமார் 40 கப்பல்களுக்குப் பரவியது. போரை முடித்துச் சமாதானம் செய்யவேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. சில நாள்களில் கலகம் அடக்கப்பட்டது. தலைவர்களில் நால்வர் ஷ்கல்யாரியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். முதல் உலகப் போருக்குப்பின் யூகோஸ்லாவியாவின் பகுதியான கோட்டோர், 2006 முதல் தனிநாடான மாண்டினீக்ரோவில் உள்ளது.

மதிலும் கோட்டையும்

நகரின் மதில் மொத்தம் சுமார் 4.5 கி.மீ. நீளமுடையது. சில இடங்களில் 20 மீட்டர் உயரமும் 16 மீட்டர் வரை தடிமனும் கொண்டது. சமதளத்தில் நகரைச் சுற்றிவரும் மதில், பின்பக்கம் மலைமீதேறி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 260 மீட்டர் உயரத்திலுள்ள புனித யோவான் கோட்டையில் சேர்கிறது. கடலிலிருந்து வரும் பகைவனை எதிர்க்கக் கரைச்சுவர் போதும். மலைமேல் ஏறிவந்து நகருக்குள் கல்லும் குண்டும் வீசுபவனை எதிர்க்க உச்சியும் கைவசம் இருக்கவேண்டும். மதில் மலையேறியதற்கு இதுவே காரணம். 9ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிய கட்டுமானம் 19ஆம் நூற்றாண்டு வரை பல கைகள் மாறித் தொடர்ந்தது. இன்று காணும் வடிவம் பெரும்பாலும் வெனிஸ் ஆட்சியின் ஆக்கம்.

நகருக்கு மூன்று வாயில்கள் உண்டு. மேற்கே 1555இல் கட்டப்பட்ட கடல்வாயில் முதன்மையானது. பார்பரோசாவின் முற்றுகையை முறியடித்ததன் நினைவாக 1540இல் எழுந்தது வடக்கு வாயில். தெற்கே குர்டிச் வாயிலுக்கு முன்னால் தூக்குபாலம் உள்ளது.

கோட்டைக்கு ஏறும் பாதையில் ஏறத்தாழ 1,350 படிகள் உள்ளன. பாதிவழியில் 1518இல் கட்டப்பட்ட ஆரோக்கிய மாதா ஆலயம் இருக்கிறது. கொள்ளைநோய்க்குத் தப்பியவர்கள் நேர்த்திக்கடனாக எழுப்பியது அது. சரிவு மேற்கு நோக்கியது. எனவே காலையில் நிழலிருக்கும்; கோடைப் பிற்பகலில் கல்படிகள் சுடும். பருவகாலத்தில் ஏறுவதற்குக் கட்டணம் உண்டு. படிகள் தேய்ந்து வழுக்குபவை என்பதால் பிடிமானமுள்ள காலணி தேவை.

பழைய நகரம்

மதிலுக்குள் வண்டிகளுக்கு இடமில்லை. ஒழுங்கான கட்டவமைப்பின்றி, சதுக்கத்திலிருந்து சதுக்கத்துக்கு வளைந்து செல்லும் சந்துகளே தெருக்கள். கடல்வாயிலைக் கடந்ததும் வருவது படைக்கலச் சதுக்கம். 1602இல் கட்டப்பட்ட மணிக்கூண்டு இங்குள்ளது. அதன் அடியில், குற்றவாளிகளை ஊரார் முன் நிறுத்தி அவமானப்படுத்தப் பயன்பட்ட கல் தூண் இன்றும் நிற்கிறது. ட்ராகோ, பூச்சா, பிசான்டி, பீமா முதலிய செல்வக் குடும்பங்களின் மாளிகைகள் சதுக்கங்களை ஒட்டியுள்ளன.

நகரின் காவலர் புனித டிரிஃபோன். ஆசியா மைனரில் உயிர்நீத்த மறைசாட்சியான அவருடைய திருப்பண்டங்கள் 809இல் கோட்டோருக்கு வந்ததாக மரபு கூறுகிறது. அவர் பெயரிலுள்ள கத்தோலிக்கப் பேராலயம் 1166இல் அருட்பொழிவு செய்யப்பட்டது. 1667 நிலநடுக்கத்தில் சரிந்த அதன் இரு கோபுரங்களும் பின்னர் புதிதாக எழுப்பப்பட்டன. ஒன்று மட்டும் முழுமை பெறவில்லை. சிறிய புனித லூக்கா ஆலயம் 1195இல் எழுந்தது. கத்தோலிக்கருக்கும் மரபுவழிக் கிறித்தவருக்குமாக அதில் இரண்டு பலிபீடங்கள் அமைந்திருப்பது சிறப்பு. அதன் அருகில் 1909இல் முடிந்த புனித நிக்கோலஸ் ஆலயம் மரபுவழித் திருச்சபையினருடையது.

பூனைகளுக்கும் இந்நகரம் பேர்போனது. துறைமுகத்தில் எலிகளை அடக்கக் கப்பல்களோடு வந்து தங்கிய இனங்களின் வழித்தோன்றல்கள் இவை என்பது ஊரார் சொல்லும் கதை. பூனைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

கடலோடிகள்

வேளாண்மைக்கு நிலமில்லாத கரையில் கடலே தொழில். கோட்டோரின் கடலோடிகள் சங்கமான ‘போக்கா கடற்படை’ 809ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகப் போற்றுகிறது. அதன் பழைய விதித்தொகுப்பு 1463ஐச் சேர்ந்தது. இது தற்போது போரிடும் படையன்று. பிப்ரவரி 3இல் வரும் டிரிஃபோன் திருநாளையொட்டிய விழாக்களில் மரபுடை அணிந்து வட்டநடனம் ஆடும் பண்பாட்டு அமைப்பு. யுனெஸ்கோ 2021இல் இதை மனிதகுலத்தின் அருவ மரபாக ஏற்றது. கப்பல் மாதிரிகள், நிலப்படங்கள், மீகாமன்களின் படங்கள் ஆகியவை கிர்குரினா மாளிகையிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன.

மலைப்பாதை

கோட்டையின் பின்புறமிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறும் பழைய கோவேறுகழுதைப் பாதை ‘கோட்டோர் ஏணி’ எனப்படுகிறது. மலைநாடான பழைய மாண்டினீக்ரோவுக்குக் கடலோடு தொடர்பு இதன் வழியாகத்தான். மலைமக்கள் பாலாடைக்கட்டி, இறைச்சி முதலியவற்றைச் சுமந்து இறங்கி, மதிலுக்கு வெளியே கூடிய சந்தையில் விற்று, உப்பும் துணியும் வாங்கித் திரும்பினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செட்டினியே வரை வண்டிச்சாலை போடப்பட்டது. அதன் வளைவுகளிலிருந்து வளைகுடா முழுவதையும் காணலாம்.

சாலை மேலேறிச் சேரும் நியேகுஷி சிற்றூர், ஆட்சியாளரும் கவிஞருமான இரண்டாம் பீட்டர் பெட்ரோவிச் நியேகோஷ் 1813இல் பிறந்த இடம். சிற்பி இவான் மெஷ்ட்ரோவிச் வடிவமைத்த அவருடைய நினைவுக் கல்லறை 1974இல் லோவ்ச்செனின் ஒரு சிகரத்தில் திறக்கப்பட்டது. அதை அடைய 461 படிகள் ஏறவேண்டும். 2023இல் தொடங்கிய கம்பிவட ஊர்தி, நகருக்கு அருகிலுள்ள டூப் என்ற இடத்திலிருந்து சுமார் 3.9 கி.மீ. தொலைவை 11 நிமிடத்தில் கடந்து மலைமேல் கொண்டுவிடுகிறது.

சுற்றுப்புற ஊர்கள்

கோட்டோருக்கு வடமேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள பெராஸ்ட், மீகாமன்களின் ஊர். இவ்வூர் மீகாமன் மார்க்கோ மார்ட்டினோவிச், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் அனுப்பிய உயர்குடி இளைஞர்களுக்குக் கப்பலோட்டும் கலை கற்பித்தார். ஊருக்கு எதிரே இரு தீவுகள் உள்ளன. புனித ஜார்ஜ் தீவு இயற்கையானது. பாறை மாதா தீவு, பழைய படகுகளை மூழ்கடித்தும் கற்களைக் கொட்டியும் மக்கள் உருவாக்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 22 மாலை, படகுகளை வரிசையாகக் கட்டிச் சென்று தீவைச் சுற்றிக் கல் போடும் வழக்கம் தொடர்கிறது. அங்குள்ள ஆலயத்தில் பெராஸ்ட் ஓவியர் டிரிப்போ கொக்கோல்யாவின் ஓவியங்களும், புயலில் பிழைத்த மாலுமிகள் காணிக்கையாக்கிய வெள்ளித் தகடுகளும் உள்ளன. ரிசானில், உறக்கக் கடவுள் ஹிப்னோசைச் சித்திரிக்கும் ரோமானியக் கல்பதிப்புத் தரையைக் காணலாம்.

உணவு

கடலும் மலையும் அடுத்தடுத்து இருப்பதை இங்குள்ள உணவிலும் பார்க்கலாம். வளைகுடாவில் ஊற்றுநீர் கலந்து உப்பு குறையும் இடங்களில் மட்டியும் சிப்பியும் வளர்க்கப்படுகின்றன. பூண்டு, ஒயின் சேர்த்து வேகவைத்த மட்டி, கணவாய் மையில் கறுத்த அரிசி உணவு ஆகியவை கரையோரச் சமையல். நியேகுஷியின் புகையூட்டி உலர்த்திய பன்றித்தொடை இறைச்சியும் பாலாடைக்கட்டியும் மலையிலிருந்து வருபவை. மலைமேல் கடற்காற்றும் குளிர்காற்றும் மாறிமாறி வீசுவதே அவ்விறைச்சியின் சுவைக்குக் காரணம் என்கின்றனர்.

பயணம்

அருகிலுள்ள விமான நிலையம் டிவாட், சுமார் 8 கி.மீ. தொலைவில் உள்ளது. இடையே நிற்கும் வெர்மாட்ஸ் மலையைச் சுமார் 1.6 கி.மீ. நீளச் சுரங்கச்சாலை கடக்கிறது. குரோவாசியாவிலிருந்து சாலை வழியாக வருவோர் உள்வளைகுடாவைச் சுற்றாமல், வெரிகெக்கு அருகே கமேனாரிக்கும் லெப்பெட்டானேக்கும் இடையே ஓடும் வண்டிப்படகில் கடக்கலாம். மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆயினும் யூரோ நாணயமே புழங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூட்டம் மிகுதி. மே, ஜூன், செப்டம்பர் ஆகியவை நடப்பதற்கு ஏற்றவை. உல்லாசக் கப்பல்கள் கரையணைந்த நாளில் நண்பகலில் சந்துகள் நெரியும். அதிகாலையிலோ கப்பல்கள் புறப்பட்டபின் மாலையிலோ நகரைப் பார்ப்பது எளிது.

நிலநடுக்கமும் பாதுகாப்பும்

மலைகளை உயர்த்திய அதே நிலவியல் விசைகள் நகரைப் பலமுறை குலைத்துள்ளன. 1563, 1667 ஆண்டுகளின் அதிர்வுகளுக்குப்பின் மிகப் பெரியது 1979 ஏப்ரல் 15இல் நேர்ந்தது. மாண்டினீக்ரோவில் 101 பேரும் அல்பேனியாவில் 35 பேரும் இறந்தனர். அதே ஆண்டு உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த கோட்டோர், உடனே ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலிலும் இடப்பட்டது. மறுசீரமைப்பு முன்னேறியபின் 2003இல்தான் அதிலிருந்து நீக்கப்பட்டது.

இன்றைய சிக்கல் வேறு வகையானது. பழைய நகரின் வீடுகள் பல விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. மட்டமான நிலம் கரையோரத்தில் மட்டுமே இருப்பதால், ஊர்களுக்கிடையே இருந்த திறந்தவெளியும் தோட்டங்களும் புதுக்கட்டடங்களால் நிரம்புகின்றன. கரையை ஒட்டிய ஒடுங்கிய சாலையில் கோடையில் நெரிசல் தீராது. வெரிகெ நீரிணைக்கு மேல் பாலம் கட்டும் திட்டமும் கட்டுப்பாடற்ற கரையோரக் கட்டுமானமும் உலக மரபுக் குழுவின் கூட்டங்களில் பலமுறை விவாதத்துக்கு வந்துள்ளன. கோட்டோர் பெற்றிருக்கும் தகுதி தேவாலயங்களுக்கும் மதிலுக்கும் மட்டும் உரியதன்று. வளைகுடா, ஊர்கள், மேலே சரிவு என ஒன்றாகத் தெரியும் நிலக்காட்சி முழுவதற்கும் உரியது. பிளந்த சுவரைத் திரும்பக் கட்டலாம் என்பதை 1979க்குப் பிந்தைய பணிகள் காட்டின. கட்டடம் எழுந்துவிட்ட கரையை அப்படி மீட்க வழியில்லை.