அலுமினிய ஓடும் கண்ணாடியிழை ஓடும்

கனடாவின் சமவெளி மாகாணங்களில் ஆண்டு முழுவதும் கேரவனிலேயே குடியிருக்க நினைப்பவருக்கு முன்னால் பல வகை வண்டிகள் உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒன்று ஒஹையோவின் ஜாக்சன் சென்டரில் தயாராகும் ஏர்ஸ்ட்ரீம். ரிவெட் அடித்து இணைத்த அலுமினியம். மற்றொன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆம்ஸ்ட்ராங்கில் தயாராகும் பிக்ஃபுட். அச்சில் வார்த்த கண்ணாடியிழை.

பிறப்பிலேயே இவை எதிரெதிர்த் திசைகள். விமானி லிண்ட்பெர்க்கின் ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட ஹாலி பவுலஸ், 1934-இல் அலுமினிய கேரவன் ஒன்றை வடித்தார். அதைத் தழுவி 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனர் வாலி பையம் வெளியிட்டதே ‘கிளிப்பர்’. கனடாவில் கண்ணாடியிழை வண்டிகளின் வரலாறோ மண்ணுக்கடியில் தொடங்குகிறது. வின்னிபெக்கின் ரே ஒலெக்கோ கழிவுநீர்த் தொட்டியைக் கண்ணாடியிழையில் இலகுவாகச் செய்யலாம் என்று கண்டவர்; அதே பொருளில் 1968-இல் ‘போலர்’ கேரவனை வார்த்தார். பிக்ஃபுட் பின்பற்றுவது அந்த வார்ப்பு வழியைத்தான்.

வானத்திலிருந்து வந்ததும் மண்ணிலிருந்து வந்ததும் ஒரே முடிவை அடைந்தன என்பதுதான் வியப்பு. சாதாரண கேரவனின் மரச்சட்டச் சுவரில் மூலைக்கு மூலை இணைப்புகள் இருக்கும். அவற்றில் நீர் புகுந்தால் மரம் உளுத்துவிடும். இவ்விரண்டும் அந்தச் சட்டத்தைக் கைவிட்டு, வளைந்த ஓட்டையே சுமைதாங்கியாக்கின. இன்னொரு உறவும் உண்டு. பிக்ஃபுட்டுக்குத் தோலாக இருக்கும் கண்ணாடியிழை, ஏர்ஸ்ட்ரீமின் இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பஞ்சு வடிவில் வெப்பம் காக்கும் போர்வையாக இருக்கிறது.

குளிரில் வேற்றுமை கூர்மையாகிறது. ஏர்ஸ்ட்ரீமில் உள்தகடும் வெளித்தகடும் ஒரே அலுமினிய விலாக்களோடு பிணைக்கப்பட்டவை. பஞ்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெப்பம் அதைச் சுற்றிக்கொண்டு விலா வழியே வெளியேறிவிடும். பிக்ஃபுட்டின் ஓட்டுக்குப் பின்னால் கெட்டியான ஃபோம் பலகை இருக்கிறது. ஓடும் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறன் கண்ணாடியிழை ஓட்டைவிடச் சில நூறு மடங்கு அதிகம். அதனால் கடுங்குளிர் இரவில் ஏர்ஸ்ட்ரீமின் உட்சுவரில் விலாக்களின் வரிசை ஈரக்கோடாகத் தெரியும். பிக்ஃபுட்டில் ஈரம் முதலில் ஜன்னல் சட்டங்களைத் தேடிப்போகும்.

இடம் வேறு, காரணம் ஒன்றே. ஒருவர் ஒரு நாளில் மூச்சாலும் தோலாலும் மட்டுமே ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரைக் காற்றில் கலக்கிறார். சமையல் அடுப்பில் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. மழையை உள்ளே விடாத ஓடு இந்த ஆவியையும் வெளியே விடாது. இரண்டுக்கும் பெருமை தேடித்தந்த நீர் புகாத் தன்மையே குளிர்காலத்தில் இரண்டுக்கும் பாரமாகிறது. வெளியே −30 டிகிரி இருக்கும்போதும் கூரைத் துவாரத்தைச் சற்றே திறந்துவைக்கும் ஒழுக்கம் எந்த வண்டியில் வாழ்ந்தாலும் தேவை.

சுருங்குவதிலும் இவை நெருங்கியே நிற்கின்றன. கோடையின் 25 டிகிரியிலிருந்து குளிர்காலத்தின் −35-க்கு இறங்கும்போது 7 மீட்டர் அலுமினிய ஓடு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுகும். கண்ணாடியிழையும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஆகவே ஜன்னல், கூரைத் துவாரம் ஆகியவற்றின் ரப்பர் விளிம்புகளை ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும். தரைக்கடியில் காற்று புகாமல் சுற்றிலும் மறைப்புக் கட்டுவதும், தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் வெப்பம் போய்ச்சேருகிறதா என்று உறுதிசெய்வதும் இரண்டுக்கும் பொது. −42 டிகிரியில் புரொப்பேன் ஆவியாவதே நின்றுவிடும். அந்த எல்லையை நெருங்கும் இரவுகளில் உருளையின் அழுத்தம் குறைந்து, எந்த வண்டியின் ஹீட்டரும் தடுமாறும்.

பழுது பார்ப்பதில் தராசு சமமாகிறது. ஏர்ஸ்ட்ரீமில் நசுங்கிய தகட்டை ரிவெட் கழற்றி மாற்றலாம். பிக்ஃபுட்டில் விரிசலின் மீது இழையும் பிசினும் பூசி ஒட்டலாம். ஆனால் பிசின் இறுக வெதுவெதுப்பு வேண்டும் என்பதால் அந்த வேலை வசந்தம்வரை காத்திருக்கும்.

எதைத் தேர்வது? குளிர் தொடங்கியதும் தெற்கே நகர்ந்து, இடையில் சில உறைபனி இரவுகளை மட்டும் கடப்பவருக்கு ஏர்ஸ்ட்ரீம் போதும். நவம்பர் முதல் மார்ச் வரை ஒரே இடத்தில் நின்று வாழ்பவருக்குப் பிக்ஃபுட்டே பொருத்தம். இந்தத் தீர்ப்பைத் தருவது சுவரின் தடிமனல்ல. உள்ளும் புறமும் தொட்டுக்கொள்ளும் இடங்களின் எண்ணிக்கை. வேறெந்த வண்டியை விலைபேசும்போதும் அதே இடங்களைத்தான் முதலில் தேட வேண்டும். விலா, ஜன்னல் சட்டம், கதவு விளிம்பு, தொட்டியின் அடிப்புறம் என்று விரல்விட்டு எண்ணிய பிறகே விற்பவரின் ‘நான்கு பருவத்துக்கும் ஏற்றது’ என்ற சொல்லைக் காதில் வாங்கலாம்.